கோட்டுக்கு வெளியே நிற்கும் ஐந்தாவது ஆள்

மூன்று வாரங்களுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். வழக்கமாக என் காடிச் சத்தம் கேட்டதும் வாசலுக்கே ஓடி வந்து, "சித்தி, ரேடியோவுல நான் கேட்ட பாட்ட ஏன் போடல?" என்று சண்டை பிடிக்கும் பாப்பா, அன்று அறையை விட்டு வெளியே வரவில்லை.

பாப்பா என்பது வீட்டுப் பெயர்தான். ஆள் இப்போது படிவம் நான்கு. என்னைவிட உயரம். பள்ளிக் கூடைப்பந்துக் குழுவில் இருக்கும் ஒரே தமிழ்ப் பெண். அந்த இடத்தைப் பிடிக்க அவள் பட்ட பாடு எங்கள் குடும்பத்துக்கே தெரியும். மாலை வகுப்பு, பயிற்சி, வீட்டுப்பாடம் எல்லாம் முடித்துப் படுக்கும்போது மணி பதினொன்றைத் தாண்டிவிடும்.

கதவைத் தட்டி உள்ளே போனேன். முந்தைய நாள் ஆட்டத்தில் கடைசி நிமிடம். பயிற்றுநர் டைம் அவுட் எடுத்து, பலகையில் படம் வரைந்து, நான்கு பேருக்கு நான்கு வேலை சொன்னாராம். இவளைப் பார்த்து, "நீ வெளியிலிருந்து பந்தை வீசு" என்றாராம். அவ்வளவுதான்.

"பந்த எடுத்துக் கொடுக்கிற வேலை, சித்தி. அதுக்கு எதுக்கு நானு? பந்து பொறுக்குற புள்ள போதாதா?"

என்னிடம் உடனே பதில் இல்லை. நான் ஊடகத்துறை படித்தவள், விளையாட்டு வீராங்கனை இல்லை. ஆனால் பல்கலைக்கழக விடுதியில் என் அறைத்தோழி ஒரு கூடைப்பந்துப் பைத்தியம். அவளிடமிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம் இன்னும் விடவில்லை. சட்டென்று ஓர் ஆட்டம் ஞாபகத்துக்கு வந்தது. கைப்பேசியை எடுத்தேன். "பத்து நிமிஷம் கொடு, ஒண்ணு காட்டுறேன்" என்றேன். பத்து நிமிடம் ஒரு மணி நேரமானது வேறு கதை.

அந்த ஆட்டத்தைத்தான் இந்த வாரம் உங்களோடும் பார்க்கப் போகிறேன்.

ஆட்டம் இதுதான்

2016 ஏப்ரல் 4, அமெரிக்காவின் ஹியூஸ்டன் நகரம். கல்லூரிகளுக்கு இடையிலான தேசியக் கூடைப்பந்துப் போட்டியின் இறுதியாட்டம். நமக்கு அப்போது செவ்வாய்க்கிழமை காலை. அந்த ஆண்டு 68 கல்லூரிகள் மோதின. இந்தப் போட்டியில் ஒருமுறை தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். மறுவாய்ப்பே கிடையாது.

ஒரு பக்கம் நார்த் கரோலைனா, மைக்கல் ஜோர்டான் படித்த பல்கலைக்கழகம். அன்று அவரும் அரங்கத்தில் உட்கார்ந்திருந்தார். மறு பக்கம் பிலடெல்பியாவுக்கு அருகிலுள்ள வில்லனோவா. அவர்கள் கடைசியாகக் கிண்ணம் வென்றது 1985-இல். 74,000-க்கும் மேற்பட்டோர் திரண்டிருந்த அந்த ஆட்டம் 77-74 என்று முடிந்தது. வில்லனோவாவுக்கு வெற்றி.

புள்ளிக் கணக்கை மட்டும் பார்த்தால் யாரோ ஒருவர் கடைசியில் மூன்று புள்ளி அடித்தார் என்று தெரியும். அந்த ஒருவர் எங்கிருந்து வந்தார் என்பதுதான் கதை.

முதல் பாதியில் ஒரு சூதாட்டம்

நார்த் கரோலைனாவின் பலம் கூடைக்கு அடியில். பிரைஸ் ஜான்சன், கென்னடி மீக்ஸ் போன்ற உயரமான, பலசாலியான வீரர்கள் உள்ளே புகுந்து புள்ளி எடுப்பார்கள். தவறிய பந்தையும் பிடித்து மறுபடி போடுவார்கள். தூரத்திலிருந்து அடிப்பதில் அந்தப் பருவம் முழுவதும் அவர்கள் அவ்வளவு கெட்டிக்காரர்கள் இல்லை.

அதனால் வில்லனோவா பயிற்றுநர் ஜே ரைட்டின் குழு ஒரு முடிவு எடுத்து வந்தது. உள்ளே கூட்டம் போட்டு அடைப்போம், தூரத்திலிருந்து அடிப்பதென்றால் அடிக்கட்டும்.

நடந்தது என்ன? நார்த் கரோலைனா முதல் பாதியில் ஒன்பது முறை மூன்று புள்ளிக்கு முயன்று ஏழு முறை போட்டுவிட்டது. இடைவேளையில் 39-34 என்று முன்னிலையும் பெற்றது.

இங்கே நிறுத்திவிட்டுப் பாப்பாவிடம் கேட்டேன். "நீ பயிற்றுநரா இருந்தா இப்ப என்ன செய்வே?"

"வெளியில போய்க் காவல் நிப்பேன். அதுலதானே அடி வாங்குறோம்?"

பெரும்பாலானோர் அதைத்தான் செய்வார்கள். நானும் செய்வேன். ஆனால் வில்லனோவா திட்டத்தை மாற்றவில்லை. உள்ளே அடைப்பதைத் தொடர்ந்தது. தூரத்து அடி ஒரு நாள் நன்றாக விழும். ஆனால் அந்தக் குழுவின் சாப்பாடே கூடைக்கு அடியில் கிடைக்கும் சுலபமான புள்ளிகள்தான். அதை மறுத்தால் போதும் என்பது அவர்கள் கணக்கு. ஆட்டம் முடிந்தபோது நார்த் கரோலைனா 17 முயற்சியில் 11 மூன்று புள்ளிகளைப் போட்டிருந்தது. அசாத்தியமான கணக்கு. ஆனாலும் மொத்த முயற்சிகளில் உள்ளே போனது ஏறக்குறைய 43 விழுக்காடுதான். கூடைக்கு அருகில் அவ்வளவு தவறவிட்டார்கள்.

மறுபுறம் வில்லனோவா 58 விழுக்காடு போட்டது. உள்ளே புகுந்ததும் அவசரப்பட்டு எறியாமல், இரண்டு காலையும் ஊன்றி நின்று, ஒருமுறை ஏமாற்றி, காவல்காரர் குதித்து இறங்கிய பிறகு போடுவது அவர்கள் பாணி. மாற்று ஆட்டக்காரராக வந்த ஃபில் பூத் இப்படியே 20 புள்ளி எடுத்துவிட்டார். அன்று அந்தக் குழுவில் அதிகப் புள்ளி எடுத்தது அவர்தான். ஆட்டம் தொடங்கும்போது பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்!

ஏறக்குறைய ஐந்தரை நிமிடம் இருந்தபோது வில்லனோவா 67-57 என்று பத்துப் புள்ளி முன்னால்.

பத்து புள்ளி கரைந்த கதை

பத்துப் புள்ளி முன்னிலை எப்படிக் கரையும் என்பதை வேலைக்குப் போகிற யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. முடிந்துவிட்டது என்று நினைக்கும் வேலைதான் கடைசி நாளில் நம் கழுத்தைப் பிடிக்கும்.

நார்த் கரோலைனாவின் மார்கஸ் பேஜ் இறுதியாண்டு மாணவர். தோற்றால் அதுதான் அவருக்குக் கடைசிக் கல்லூரி ஆட்டம். தூரத்திலிருந்து போட்டார். தான் தவறவிட்ட பந்தைத் தானே பிடித்து மறுபடியும் போட்டார். இடைவெளி ஒரே புள்ளியானது. பதின்மூன்று விநாடிகள் இருந்தபோது வில்லனோவாவின் ஜோஷ் ஹார்ட் இரண்டு தனியெறிகளையும் போட, 74-71.

மூன்று புள்ளி வித்தியாசம். பேஜ் பந்தோடு எழும்புகிறார். அவருக்கு எதிரே பாய்ந்தவர் வில்லனோவாவின் ரயன் ஆர்சிடியாகனோ. அவரும் இறுதியாண்டு. சரியான நேரத்தில்தான் பாய்ந்தார். பேஜ் காற்றிலேயே பந்தைக் கீழே இறக்கி, கால்களை மடக்கி, மறுபடி தூக்கி எறிந்தார். பந்து உள்ளே போனது.

74-74. மீதம் 4.7 விநாடி. டைம் அவுட்.

"ஐயோ, அந்த ஆளு இப்ப எப்படி இருந்திருப்பாரு" என்றாள் பாப்பா, ஆர்சிடியாகனோவைக் காட்டி. தடுக்க வேண்டிய பந்தைத் தடுக்க முடியாமல் போனவர். அடுத்த 4.7 விநாடியும் பந்து அவர் கையில்தான் இருக்கப் போகிறது.

4.7 விநாடியில் 94 அடி

இங்கே ஒரு விதியைச் சொல்ல வேண்டும். அனைத்துலக விதிப்படி நாலாவது கால் பகுதியின் கடைசி இரண்டு நிமிடங்களில் டைம் அவுட் எடுத்தால், பந்தை முன்பாதிக்குக் கொண்டுபோய் அங்கிருந்து வீசிக்கொள்ளலாம். அமெரிக்கத் தொழில்முறை ஆட்டத்திலும் அப்படித்தான். ஆனால் அந்தக் கல்லூரி ஆட்டத்தில் அந்தச் சலுகை இல்லை. தங்கள் கூடைக்கு அடியிலுள்ள கோட்டிலிருந்து தொடங்கி, 94 அடி நீளத் திடலைக் கடக்க வேண்டும். 4.7 விநாடியில்.

டைம் அவுட்டில் ஜே ரைட் அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை. அந்த நேரத்துக்கென்று அவர்களிடம் ஒரு திட்டம் ஏற்கெனவே இருந்தது. பெயர் 'நோவா'. பயிற்சியில் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தது. யார் எங்கே நிற்க வேண்டும், யார் எங்கே ஓட வேண்டும் என்பது எல்லாருக்கும் மனப்பாடம்.

அந்த இடைவேளையில் ஒரு காட்சி. ஆறடிப் பதினொரு அங்குல உயரமுள்ள டேனியல் ஓச்செஃபு, தரை துடைக்கும் மாப்பைக் கையில் வாங்கித் தானே தரையைத் துடைத்தார். எந்த இடத்தை? அடுத்த சில விநாடியில் அவர் தடுப்பாகப் போய் நிற்க வேண்டிய இடத்துக்குப் பக்கத்தை. வியர்வை ஈரத்தில் யாரும் வழுக்கிவிடக் கூடாதே.

பாப்பா அதை இரண்டு முறை திருப்பிப் பார்த்தாள். "இவரு பெரிய ஆளு இல்லையா? இவரு ஏன் துடைக்கிறாரு?" என்றாள். நான் பதில் சொல்லவில்லை.

இனி ஆட்டம். கோட்டுக்கு வெளியே நின்று பந்தை வீசுகிறவர் கிரிஸ் ஜென்கின்ஸ். ஆர்சிடியாகனோவிடம் பந்தைக் கொடுக்கிறார். பந்து உள்ளே இருப்பவரைத் தொட்ட பிறகுதான் கடிகாரம் ஓடும். ஆர்சிடியாகனோ ஓடுகிறார். நடுக்கோட்டுக்கு அருகே ஓச்செஃபு சுவர் போல நிற்கிறார். துரத்தி வந்த காவல்காரர் அந்தச் சுவரைச் சுற்றி வர வேண்டும். வில்லனோவாவின் மற்ற இருவரும் முன்னால் ஓடித் தங்கள் காவல்காரர்களையும் தங்களோடு இழுத்துப் போய்விட்டார்கள்.

இப்போது நார்த் கரோலைனாவின் இடத்திலிருந்து யோசியுங்கள். நான்கு ஆண்டுகளாக அந்தக் குழுவை நடத்தும் வீரர் பந்தோடு உங்களை நோக்கி வருகிறார். மூன்று விநாடி, இரண்டு விநாடி. யாரைப் பார்ப்பீர்கள்? எல்லாரும் பார்த்தது அவரைத்தான்.

பந்தை வீசிய ஜென்கின்ஸை மறந்துபோனார்கள்.

அவர் வீசிவிட்டு நின்றுவிடவில்லை. ஒரு நேர்க்கோட்டில் பின்னாலேயே ஓடி வந்தார். "ஆர்ச்! ஆர்ச்!" என்று தோழரின் செல்லப் பெயரைச் சொல்லிக் கத்தியபடி வந்தார். ஆர்சிடியாகனோ தானே எறிந்திருக்கலாம். ஐந்து விநாடிக்கு முன் பட்ட அடிக்கு அப்போதே பதில் கொடுத்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. கையைக் கீழே தாழ்த்திப் பந்தைப் பக்கவாட்டில் மெல்லத் தள்ளினார். ஓடி வந்த ஜென்கின்ஸ் அதே வேகத்தில் காலை ஊன்றி எறிந்தார். ஐசையா ஹிக்ஸ் கையை நீட்டிப் பாய்ந்தார், ஆனால் தாமதம். பந்து காற்றில் இருக்கும்போதே கூடைப்பலகையின் சிவப்பு விளக்கு எரிந்தது.

பந்து உள்ளே. 77-74.

இன்னொரு செய்தி. எதிரணியில் இருந்த நேட் பிரிட்டின் குடும்பத்தில்தான் ஜென்கின்ஸ் பள்ளிப் பருவத்திலிருந்து வளர்ந்தார். இருவரும் அண்ணன் தம்பி மாதிரி. அன்று அந்தப் பெற்றோருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரிந்திருக்காது.

ஏன் மறந்தார்கள்?

இது அதிர்ஷ்டமா என்று பாப்பா கேட்டாள். பந்து உள்ளே போனதில் கொஞ்சம் அதிர்ஷ்டம் இருக்கலாம். ஜென்கின்ஸ் காலியாக நின்றதில் அதிர்ஷ்டம் இல்லை.

பந்தை வீசும் அந்த நொடியில் உள்ளே தாக்கும் அணியில் நாலு பேர், தடுக்கும் அணியில் ஐந்து பேர். அதனால் தடுக்கும் அணிக்கு ஓர் ஆசை வரும். வெளியே நிற்பவருக்கு எதற்குக் காவல்? அந்த ஓர் ஆளை உள்ளே ஆபத்தானவர் மேல் விடலாமே. கணக்கு சரியாகத்தான் தெரியும். ஆனால் வீசியவர் கோட்டைத் தாண்டிக் காலை உள்ளே வைத்த அடுத்த நொடி ஐந்துக்கு ஐந்து. யாரோ ஒருவர் திரும்பி அவரைத் தேட வேண்டும். அந்த நேரத்தில் எல்லாக் கண்ணும் பந்தின் மேல் இருக்கும்.

இதற்கு இன்னொரு சாட்சியும் உண்டு. 1992 மார்ச் 28, பிலடெல்பியா. டியூக், கெண்டக்கி பல்கலைக்கழகங்கள் மோதிய ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போயிற்று. 2.1 விநாடி மீதமிருக்க, கெண்டக்கி 103-102 என்று முன்னால். டியூக் தன் கோட்டிலிருந்து பந்தை வீச வேண்டும். கெண்டக்கி என்ன செய்தது? வீசுகிற கிராண்ட் ஹில்லுக்கு எதிரே யாரையும் நிறுத்தவில்லை. அந்த ஆளையும் சேர்த்துக் கிறிஸ்டியன் லேட்னரைச் சுற்றி இரண்டு பேரை நிறுத்தியது. கையைத் தூக்கி மறைக்க எதிரே ஆளில்லாததால் ஹில் நிதானமாகக் குறிபார்த்துத் திடலின் முக்கால் பாகத்தைத் தாண்டி எறிந்தார். லேட்னர் எம்பிப் பிடித்தார், ஒருமுறை தட்டினார், திரும்பினார், எறிந்தார். 104-103.

எல்லாரும் லேட்னரின் எறிதலைத்தான் பேசுவார்கள். அன்று அவர் களத்திலிருந்து எறிந்த பத்தும் உள்ளே போயின, தனியெறியில் பத்தும் உள்ளே போயின. பேசத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பருவத்திலேயே வேறோர் ஆட்டத்தில் டியூக் இதே போன்ற நீள வீச்சை முயன்றபோது பந்து வளைந்து போய், அதைப் பிடிக்கப் போன லேட்னர் கோட்டுக்கு வெளியே காலை வைத்துவிட்டார். ஆட்டம் தோல்வி. எறிபவர் அதே ஆள்தான். வீச்சு சரியாக இல்லாத நாளில் அவருக்கு எறியும் வாய்ப்பே வரவில்லை.

இரண்டு ஆட்டம், இருபத்து நான்கு ஆண்டு இடைவெளி. இரண்டிலும் தடுத்த அணி கணக்கில் சேர்க்காமல் விட்டது ஒரே ஆளை.

என் கதையும் கொஞ்சம்

வானொலியில் சேர்ந்த முதல் ஆண்டு நான் காலை நிகழ்ச்சியில் மணி சொல்பவள். "நேரம் ஏழு மணி பதினைந்து நிமிடம்" என்று சொல்லிவிட்டு ஒலிவாங்கியை மூத்த அறிவிப்பாளருக்கு விட்டுவிட வேண்டும். அவர் சிரிக்க வைப்பார், நேயர்கள் அவர் பெயரைச் சொல்லி அழைப்பார்கள். வீட்டில் அம்மா, "உன் குரல் வர்றதுக்குள்ள முடிஞ்சிருதே" என்பார். எனக்கும் பாப்பாவின் கோபம்தான். மணி சொல்ல நான் எதற்கு, கடிகாரம் போதாதா?

ஒரு நாள் அந்த அண்ணனே சொன்னார். "நீ மணி சொல்ற வேகத்தை வச்சுத்தான்மா நான் அடுத்த வரியத் தொடங்குறேன். நீ இழுத்தா நானும் இழுப்பேன்." அன்றிலிருந்து நான் மணி சொல்லிவிட்டுக் காதுக்கருவியைக் கழற்றி வைப்பதை நிறுத்தினேன். அவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். சில மாதங்களில் அவர் தடுமாறிய ஒரு காலையில் அடுத்த வரியை எடுத்துக் கொடுத்தது நான்.

இதைப் பாப்பாவிடம் சொன்னபோது கொட்டாவி விட்டாள். சித்தியின் வானொலிக் கதைகள் அவளுக்குப் பழசு. ஜென்கின்ஸை மட்டும் மறுபடி பார்க்க வேண்டும் என்றாள். பந்தை வீசியதிலிருந்து அவர் எத்தனை எட்டு எடுத்து வைக்கிறார் என்று எண்ணத் தொடங்கினாள்.

சென்ற சனிக்கிழமை

சென்ற சனிக்கிழமை பாப்பாவின் அடுத்த ஆட்டம். நானும் அக்காவும் போயிருந்தோம். அத்தான் வேலை மாற்றிக்கொண்டு வந்திருந்தார். நிலக்கடலைப் பொட்டலத்தோடு மூன்று பேரும் சிமெண்டுப் படியில்.

கடைசி இருபது விநாடி. ஒரு புள்ளி பின்னால். டைம் அவுட். பயிற்றுநர் பலகையில் ஏதோ வரைந்தார். பாப்பா மறுபடியும் கோட்டுக்கு வெளியே பந்தோடு நின்றாள். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வீசினாள். வீசிவிட்டு நிற்கவில்லை, உள்ளே ஓடி வந்தாள். அவளுக்குப் பக்கத்தில் ஒருவரும் இல்லை. நிஜமாகவே ஒருவரும் இல்லை. கையைத் தூக்கிக் காட்டினாள். பந்து வைத்திருந்த தோழி பார்க்கவில்லை. இரண்டு பேர் மறைக்கத் தானே எறிந்தாள். பந்து வளையத்தில் பட்டு வெளியே போனது. ஊதல் ஒலித்தது.

ஒரு புள்ளியில் தோல்வி.

காடியில் வரும்போது யாரும் பேசவில்லை. ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன், அத்தான் கண்ணாடி வழியாகப் பார்த்து வேண்டாம் என்று தலையாட்டினார். டோல் சாவடி தாண்டிய பிறகு பின் இருக்கையிலிருந்து குரல் வந்தது.

"சித்தி, நான் காலியாத்தான் நின்னேன், பார்த்தீங்களா?"

"பார்த்தேன்டா."

"கையத் தூக்கினா போதாது. அந்த ஜென்கின்ஸ் மாதிரி கத்தணும். அவ பார்க்காம இருந்தாலும் காதுல விழணும்ல?"

சொல்லிவிட்டுக் கைப்பேசியை எடுத்து அந்தத் தோழிக்கே குரல்பதிவு அனுப்பினாள். கொஞ்சம் மலாய், கொஞ்சம் ஆங்கிலம். திங்கள்கிழமை பயிற்சிக்கு அரை மணி நேரம் முன்னதாகவே வரச் சொன்னாள். ஒன்றை இரண்டு பேரும் சேர்ந்து பழகிப் பார்க்க வேண்டுமாம். அந்த ஆட்டத்துக்கு ஒரு பெயர்கூட வைத்துவிட்டாள். என்ன பெயர் என்று கேட்டேன்.

எதிரணிக்குத் தெரிந்துவிடும், பத்திரிகையில் எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டாள்.